மழைக்குத் தண்ணீர் கேட்ட குரல்

கிஷான் எதையும் அளந்து செய்கிறவன். தேநீருக்குச் சீனி போட்டாலும் கரண்டியின் மேற்புறத்தை விரலால் வழித்துவிட்டுத்தான் போடுவான். பல்லேகலவில் ஓர் ஆடைத் தொழிற்சாலையின் கம்பியூட்டர் பகுதியில் வேலை. பிறந்தது மடுல்கெல்லப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். தகப்பன் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர். பிள்ளைகளின் படிப்புக்கென்று அவர் கண்டிக்கு இறங்கி அம்பிட்டியவில் வாடகை வீடு எடுத்தார். அந்த வீட்டுக்கே கிஷான் அனற்றைக் கலியாணம் முடித்துக் கூட்டி வந்தான்.

அனற் பாலர் பாடசாலை ஆசிரியை. சின்ன வயதில் வந்த காய்ச்சல் ஒன்று இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருந்தது. ஒரு தரம் வெட்டிச் சரிசெய்தார்கள். இரண்டாவது தரம் வெட்ட முடியாது, மருந்தோடு பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பார்த்துக்கொள்வதில் கிஷானைக் குறை சொல்ல முடியாது. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்தினான். காலையில் அவள் சிறுநீர் கழித்து வந்ததும் நிறை பார்ப்பான். கணுக்காலைக் கட்டைவிரலால் அழுத்தி, குழி விழுகிறதா, விழுந்தால் எவ்வளவு நேரத்தில் மேலெழும்புகிறது என்று பார்ப்பான். இதயம் தளர்ந்தவர்களுக்கு உள்ளே போகும் தண்ணீர் வெளியே வராது. காலில் தேங்கும், பிறகு நெஞ்சில் தேங்கும். ஆகவே ஒரு நாளைக்கு இவ்வளவு என்று டொக்டர் அளவு கொடுத்திருந்தார். கிஷான் ஒரு போத்தலில் மார்க்கர் பேனையால் வேளைக்கொரு கோடு போட்டு, அன்றைய தண்ணீரைக் காலையிலேயே ஊற்றி வைப்பான். சோற்றோடு, மாத்திரையோடு, தாகத்துக்கு என்று எல்லாமே அந்தப் போத்தலிலிருந்துதான். தேநீர் கொடுத்தால் அந்த அளவைப் போத்தலிலிருந்து கழித்துவிடுவான்.

"ஏங்க, கொஞ்சம் தண்ணி தாங்களேன்" என்று அவள் கேட்பாள்.

"இருங்க, மணி ஆகட்டும்" என்பான்.

"உங்ககிட்ட கேக்குறதுக்கு நம்ம நகரசபை பைப்புகிட்டயே கேக்கலாம்" என்பாள். அவர்களது வீட்டுக் குழாயில் தண்ணீர் வந்தால் வரும், வராவிட்டால் வராது.

அனற் மாதா கோயிலில் மாலைச் செபமாலையை முன்னின்று சொல்லி வந்தவள். படியேற முடியாமல் போனபின் வீட்டிலிருந்தே சொன்னாள். குசினிக்குப் பக்கத்துச் சாப்பாட்டு மேசையில் லெப்டொப், அதில் ஒரு மைக். கோயில் காரியாலயத்தில் கிஷான் பழைய கம்பியூட்டர் ஒன்றைச் சேர்வராக மாற்றி வைத்திருந்தான். இவள் இங்கே சொல்லச் சொல்ல அது அதை எல்லா இடத்துக்கும் அனுப்பும். மாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஒரு செபம்; அவள் அதன் முற்பாதியைச் சொல்லிவிட்டு நிறுத்துவாள். கேட்கிறவர்கள் தங்கள் தங்கள் இடத்திலிருந்து பிற்பாதியைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கிற நேரத்தைக் கணித்து அடுத்த மணியைத் தொடங்குவாள்.

கட்டாரிலிருந்தும் கொழும்பிலிருந்தும் ஆட்கள் கேட்டார்கள். ஆனால் அவள் மனதில் இருந்தது மடுல்கெல்லத் தோட்டத்துச் சிற்றாலயம். பூசை வைக்கப் பாதர் அங்கே மாதத்தில் ஒரு தரம்தான் போவார். சனங்கள் வேலை முடிந்து, கால் கழுவி, போனையும் எடுத்துக்கொண்டு அங்கே கூடுவார்கள். கூடியதும் குரல் கேட்காது. சேர்வர் குரலைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி வைக்கும். ஒவ்வொரு போனும் அடுத்த துண்டைத் தா, அடுத்த துண்டைத் தா என்று தனித்தனியே கேட்கும். மலைக்குப் போகும் நூல் மாதிரியான இணைப்பில் அத்தனை போனும் ஒரே நேரத்தில் இழுத்தால் ஒன்றுக்கும் கிடைக்காது. திரையில் வட்டம் மட்டும் சுற்றும்.

"சனம் கும்பிட்டுக்கிட்டு அந்த வட்டத்தப் பாத்துக்கிட்டு இருக்குதாம். வட்டத்தையா கும்பிடுறது?" என்றாள் அனற்.

கிஷான் சிற்றாலயத்துக்கு ஒரு சின்னப் பெட்டி செய்தான். அது இடைநிலையாளாக நிற்கும். தோட்டத்து லயத்து வீடுகளில் எல்லோரும் ஆளுக்காள் கடைக்கு நடக்காமல் ஒருத்தி போய் எல்லோருக்கும் வாங்கி வருவது போல, அது கண்டியிலிருந்து ஒவ்வொரு துண்டையும் ஒரே ஒரு தரம் வாங்கி, தன்னிடம் வைத்துக்கொண்டு, கேட்கிறவர்களுக்கெல்லாம் கொடுக்கும். ப்ரொக்ஸி என்பார்கள். ஆயத்தமாகக் கிடைத்தவை ஒன்றும் அவனுக்குச் சரிவரவில்லை. சேர்வரோடு பொருத்துவதற்கு ஒரு ப்ளகினைத் தானே எழுதத் தொடங்கினான். அதற்கு இரண்டு கட்டளைகளை அனற்தான் கொடுத்தாள்.

மழைக்கு இணைப்பு அறுந்தால் வட்டம் காட்டக்கூடாது. கடைசியாகச் சேமித்த செபமாலையைப் போட வேண்டும். இது ஒன்று. மற்றது, பாதியைப் போடக்கூடாது. "பாதி செபமாலை செபமாலை இல்லீங்க. முழுசா இருந்தாத்தான் வச்சிக்கணும்." ஆகவே அனற் கடைசிப் பாட்டும் பாடி, முடிக்கும் பட்டனை அமத்தினால் மட்டுமே ப்ளகின் அந்த மாலையை முழு மாலை என்று எடுத்து, பழையதை எறிந்துவிட்டுப் புதியதை வைக்கும். பட்டன் அமத்தாத மாலை, அந்த நேரத்துக்குப் போய்ச் சேர்ந்ததோடு சரி.

அதை எழுதி முடிக்கக் கனநாள் எடுத்தது. அவள் மேசையில் செபமாலை சொல்லுகிற அதே நேரத்தில் இவன் அறைக்குள் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கீச்சென்ற சோதனை ஒலி ஒன்றை வைத்துத் துண்டுகள் போகிறதா வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு வியாழக்கிழமை மாலை எல்லாம் கூடிவந்தது. முதல் முழு மாலை மடுல்கெல்லப் பெட்டியில் போய் உட்கார்ந்தது. ஹெட்போனைக் கழற்றி எறிந்துவிட்டு வெளியே வந்தான்.

"அனற், வேலை செய்யுது!"

"அப்படியா" என்று அவள் புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த நாள் காலையில் கணுக்காலில் விழுந்த குழி எழும்பவில்லை. நிறை கூடியிருந்தது. அன்றிலிருந்து அவளால் மைக்கின் முன் உட்கார முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை படுக்க முடியாமல் உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். ஆஸ்பத்திரியில் வோர்ட் டொக்டர் கேட்டார், "தண்ணி கூடிருச்சா?"

"இல்ல டொக்டர். அளந்துதான் குடுக்குறேன்" என்றான் கிஷான். அவன் சொன்னதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. அனற்றைப் பார்த்தான். அவள் ஒட்சிசன் முகமூடிக்கு மேலால் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழமையே போய்விட்டாள்.

செத்த வீடு, எட்டாம் நாள் பூசை, முப்பத்தோராம் நாள் எல்லாம் முறைப்படி நடந்தன. செபமாலையை வின்சன்ட் ஐயா எடுத்துக்கொண்டார். நகரசபையில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குரல் கணீரென்று இருக்கும். கிஷான் லெப்டொப்பைக் கொண்டுபோய்க் கொடுத்து, இதை அமத்தினால் தொடங்கும் என்று காட்டிவிட்டு வந்தான். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. மாலையில் கேட்பதுமில்லை. ப்ளகின் தானாக ஓடியது.

ஐப்பசி மழை தொடங்கியபின் ஒரு நாள், வேலைத்தலத்தில் இருந்தபோது தினுஷா என்ற பெண் மடுல்கெல்லயிலிருந்து போன் எடுத்தாள். சிற்றாலயத்துப் பெட்டியை நிறுத்தவும் போடவும் அவளுக்குத்தான் கிஷான் பழக்கியிருந்தான்.

"அண்ணே, கோவிச்சுக்காதீங்க, ஒண்ணு கேக்கணும். அந்த அக்காவோட செபமாலைய நீங்க போடாம இருக்க ஏலாதா?"

"எந்த அக்கா?"

"அனற் அக்காதான். மழை பெஞ்சா அவங்கதானே வாறாங்க. நீங்க ஞாபகத்துக்குப் போடுறதுன்னு நெனச்சோம். மழைக்கு மட்டும் ஏன் போடுறீங்கன்னு தெரியல."

கிஷான் கதிரையை மேசைக்கு இழுத்துக்கொண்டான். சுற்றியிருந்தவர்கள் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான்.

"சரி, நாங்க கேட்டுட்டுப் போறோம். ஆனா எங்க மாமி இருக்காங்கல்ல, கத்தரீனா. அவங்க தண்ணி குடிக்க மாட்டேங்குறாங்க."

கத்தரீனாவுக்குச் சிறுநீரகத்தில் கல். கண்டியில் வெட்டி எடுத்து, நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், குடிக்காவிட்டால் சிறுநீரகம் போய்விடும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கத்தரீனா ஆஸ்பத்திரியில் கிடந்த நாட்களில் அனற் நோயாளிகளின் பெயர் வாசிக்கும்போது அவளது பெயரையும் வாசித்து மன்றாடியிருந்தாள். அந்த அனற் செபமாலையின் நடுவில், மழைக்கு மழை, "ஏங்க, கொஞ்சம் தண்ணி தாங்களேன்" என்று கேட்கிறாள். கேட்டுவிட்டு அடுத்த மணியைத் தொடங்கிவிடுகிறாள். கத்தரீனா அதை, செத்தபின் பாவக்கறை தீரும்வரை உத்தரிக்கிற ஸ்தலத்தில் காத்திருக்கும் ஆத்துமத்தின் தாகமாக எடுத்துக்கொண்டாள். ஆத்துமங்களுக்காகப் பட்டினி கிடப்பது, வெற்றிலையை விடுவது, தரையில் படுப்பது எல்லாம் அந்தச் சனத்துக்குப் புதிதல்ல, ஒறுத்தல் என்பார்கள். கத்தரீனா தண்ணீரை ஒறுத்தாள். மாத்திரைக்கு ஒரு மிடறு. மிச்சத்தைக் கிளாஸில் ஊற்றிக்கொண்டுபோய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். மருமகளுக்குக் குடித்ததாகப் பொய் சொன்னாள்.

"கிளினிக்ல ஏசி அனுப்பினாங்க. இனி வந்தா ரத்தம் கழுவுற மெசினுக்குத்தான்னு சொல்லிட்டாங்க" என்றாள் தினுஷா.

"நான் இங்கருந்தே அழிச்சிர்றேன் தங்கச்சி. இப்பவே."

"அழிச்சிட்டா? குரல் நிண்டுட்டா, தண்ணி கெடைக்காமலே போயிருச்சு பிள்ளன்னு மாமி இன்னும் இறுக்கிப் புடிப்பாங்க. நீங்க வந்து பேசுங்கண்ணே. அவங்க புருசன் நீங்கதானே."

போனை வைத்துவிட்டுத் தூரத்திலிருந்தபடியே மடுல்கெல்லப் பெட்டியைத் திறந்து பார்த்தான். தினுஷா சொன்னது சரி. இணைப்பு அறுந்த ஒவ்வொரு மாலையும் அது கடைசியாகச் சேமித்த முழுச் செபமாலையைப் போட்டிருந்தது. கடைசி முழு மாலை அந்த வியாழக்கிழமையினுடையது. அதற்குப் பிறகு ஒன்றுகூடச் சேரவில்லை.

தண்ணீர் கேட்ட இடத்தைத் தேடினான். பதிவைப் போட்டுக் கேட்கவில்லை, துண்டுகளின் பருமனைத்தான் பார்த்தான். பேச்சுள்ள துண்டு பெரிதாக இருக்கும், அமைதியான துண்டு சின்னதாக இருக்கும். அனற் சொல்லுகிற பாதி பெரிது, சனம் பதில் சொல்வதற்காக அவள் விட்ட இடைவெளி சிறிது. பெரிது, சிறிது, பெரிது, சிறிது என்று மாலை முழுவதும் ஒரே சீராகப் போயிற்று. நடுவில் ஓரிடத்தில் மட்டும் இடைவெளிகள் சிறுக்கவில்லை. அமைதியாக இருக்க வேண்டிய சில துண்டுகளுக்குள் ஏதோ சத்தம் இருந்தது.

நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்த சத்தமாக இருக்கும் என்று நினைத்தான். கொடுத்ததாக ஞாபகம் இல்லை. கொடுக்காததாகவும் ஞாபகம் இல்லை. திறந்து கேட்க ஒரு நொடி போதும். அவன் கம்பியூட்டரை மூடினான்.

வீட்டுக்குப் போகிற வழியில் வின்சன்ட் ஐயாவின் வாசலில் இறங்கினான்.

"அங்கிள், செபமாலைய எப்படி முடிக்கிறீங்க?"

"எப்படி முடிப்பாங்க? பிதா சுதன் போடுவேன், லெப்டொப்ப மூடுவேன்."

"செவப்பு பட்டன் ஒண்டு இருக்கே. அத அமத்துறதில்லியா?"

"ஒரு நாள் அமத்தினேன். 'நிச்சயமாக முடிக்கவா' எண்டு எங்கிட்டயே கேக்குது. நாப்பது வருசமா செபமாலை சொல்றவன், முடிஞ்சிச்சா இல்லியாண்டு எனக்குத் தெரியாதா? அது யாருப்பா கேக்க? பட்டுனு மூடிட்டேன்."

வேறு நாளென்றால் கிஷானுக்குச் சிரிப்பு வந்திருக்கும். "நாளைக்கு மட்டும் அமத்துங்க அங்கிள். கேட்டா, ஆமாண்டு சொல்லுங்க" என்றான். ஏன் என்று சொல்லவில்லை.

மறுநாள் சனிக்கிழமை பஸ் ஏறி, வத்தேகம, பன்வில தாண்டி மடுல்கெல்லயில் இறங்கி, த்ரீவீலர் பிடித்துத் தோட்டத்துக்குப் போனான். மழை இல்லை. பனிமூட்டம் தேயிலைக்கு மேல் படுத்திருந்தது. சிற்றாலயம் தகரக் கூரை போட்ட ஒற்றை அறை. மாதா சொரூபத்துக்குக் கீழே பெட்டியும் ஒரு ஸ்பீக்கரும். பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு கிளாஸ் தண்ணீர், அதில் ஓர் எறும்பு மிதந்தது. அதன் பக்கத்தில் இன்னொரு கிளாஸ். சன்னல் விளிம்பில் ஒரு ஜாம் போத்தல், அதிலும் தண்ணீர். கத்தரீனா மட்டும் வைத்ததல்ல, மற்றவர்களும் வைத்திருந்தார்கள்.

கத்தரீனா மர வாங்கில் உட்கார்ந்திருந்தாள். உதடு வெடித்து ஓரத்தில் வெள்ளை பூத்திருந்தது. கண்ணுக்குக் கீழே குழி. கிஷான் கும்பிட்டுவிட்டு, ஆறுதலுக்குப் பிடிப்பது போல அவளது கையைப் பிடித்து, புறங்கைத் தோலைக் கிள்ளி விட்டான். தோல் கிள்ளியபடியே நின்றது, பிறகு மெதுவாகப் படிந்தது. உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, நீளமாகப் புத்தி சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை என்று அவனுக்கு விளங்கியது.

"அம்மா, அது பழைய பதிவு. மழைக்கு லைன் அறுந்தா அத போடச் சொல்லி நான்தான் எழுதி வச்சேன். வின்சன்ட் ஐயா முடிக்கிற பட்டன அமத்தாததால புதுசு சேரல. அவ்வளவுதான்."

"வெளங்குது தம்பி. டேப்பு மாதிரி. செத்தவ பெட்டிக்குள்ள குந்தியிருக்காண்டு நான் சொன்னேனா? எனக்கு கல்லு கிட்னியிலதான், மண்டையில இல்ல."

தினுஷா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்டு சொல்லுங்க" என்றாள் கத்தரீனா. "அந்தப் பிள்ள தண்ணி கேட்டிச்சா, இல்லியா?"

"கேட்டாங்க."

"யாரு குடுத்தது?"

கிஷான் கிளாஸில் மிதந்த எறும்பைப் பார்த்தான்.

"நான் வலியில கெடக்குறப்ப பேர் சொல்லி மன்றாடின வாய் தம்பி அது. காஞ்சு போய்க் கெடக்குது. மழைக்கு மழ கேக்குறேன். நான் எந்த வாயால குடிக்க?"

"மாமி, அண்ணன் கஷ்டப்பட்டு வந்திருக்காரு."

"வரட்டுமே. புருசன்தானே, அவருக்குத் தெரியணுமே குடுத்தாரா இல்லியாண்டு."

கிஷான் எழுந்து பெட்டியிடம் போனான். மழைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. வயரைக் கழற்றினால் பெட்டிக்கு அதுவும் மழைதான். கழற்றுவதற்கு முன் திரும்பிச் சொன்னான்:

"நீங்க யாரும் இதுவரைக்கும் முழுசா கேட்டதில்லம்மா. அவங்க நிப்பாட்டுற நேரம் நீங்க எல்லாரும் சத்தமா பதில் சொல்றீங்க. அந்த நேரம் பெட்டியில என்ன கேக்குதுண்டு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. இன்னைக்கு ஒருத்தரும் பதில் சொல்லக்கூடாது."

"செபமாலைக்குப் பதில் சொல்லாம இருக்கிறதா?"

"இன்னைக்கு மட்டும்."

வயரைக் கழற்றினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அனற் பிதா சுதன் சொல்லித் தொடங்கினாள்.

அவளது குரலைக் கேட்டு மாதங்கள் ஆகியிருந்தன. கிஷான் சுவரில் கையூன்றி நின்றான். முதலில் கேட்டது வார்த்தைகள் அல்ல, மூச்சு. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் அவள் மூச்சை இழுத்துப் பிடித்து, விழுங்கி, பிறகு சொன்னாள். ஒரு வரியை ஒரே மூச்சில் சொல்ல முடியாத நிலைக்கு அவள் எப்போதோ வந்திருந்தாள். பக்கத்து அறையில் இருந்தவனுக்கு அது தெரியவில்லை. காலையில் நிறை பார்த்தவன், காலை அழுத்திப் பார்த்தவன், மாலையில் அதைக் கேட்கவில்லை.

அவள் நிறுத்துகிற இடங்கள் சிற்றாலயத்தில் வெறுமையாகத் திறந்தன. கத்தரீனாவின் உதடு பழக்கத்தில் அசைந்தது. "மாமி, வாய மூடுங்க" என்று தினுஷா அவளது முழங்காலைத் தட்டினாள். இடைவெளிகளில் அம்பிட்டிய வீட்டின் சத்தங்கள் கேட்டன. சுவர் மணிக்கூட்டின் டிக் டிக். அயல்வீட்டு நாய். ஒரு த்ரீவீலர் வளைவில் திரும்பும் சத்தம். இல்லாமல் போன ஒரு மாலை, துண்டு துண்டாக அந்தத் தகரக் கூரையின் கீழ் நடந்துகொண்டிருந்தது.

நோயாளிகளின் பெயர்கள் வந்தன. "மடுல்கெல்ல கத்தரீனா அம்மாவுக்காக." கத்தரீனா சிலுவை போட்டாள்.

பிறகு, மைக்கிலிருந்து முகத்தைத் திருப்பி, "ஏங்க, கொஞ்சம் தண்ணி தாங்களேன்."

உடனே அடுத்த மணி. அனற் முற்பாதியைச் சொல்லி நிறுத்தினாள். இடைவெளியில், தூரத்தில், ஓர் ஆணின் குரல்: "இருங்க, இது ஒண்டு முடியட்டும்."

கத்தரீனா கிஷானைப் பார்த்தாள். தினுஷா நிலத்தைப் பார்த்தாள்.

அடுத்த மணி. நிறுத்தினாள். கதிரை நிலத்தில் உரசியது. செருப்புச் சத்தம், நாலைந்து அடி. குழாய் திறந்தது. அன்றைக்குத் தண்ணீர் நன்றாக வந்திருக்கிறது. கிளாஸில் விழுந்து ஏறும் சத்தம், கீழ்க்குரலிலிருந்து மேல்குரலுக்குப் போவது தெளிவாகக் கேட்டது. குழாய் நின்றது. செருப்புச் சத்தம் திரும்பி வந்தது. அவள் நேரம் தவறாமல் அடுத்த மணியைத் தொடங்கினாள். குரல் ஈரமாக இருந்தது.

"குடிச்சிட்டா!" என்றாள் கத்தரீனா.

அடுத்த இடைவெளியிலும் செருப்பு, குழாய். அதற்கடுத்த இடைவெளியிலும். மூன்றாவது தரம் கிளாஸைச் சிங்குக்குள் வைக்கும் சத்தம், பிறகு மைக்குக்குப் பக்கத்தில், யாருக்கும் அல்லாமல், ஒரு சின்ன "ஹா".

கத்தரீனா எழுந்தே விட்டாள். "மூணு தரம்! வயிறு நெறையக் குடிச்சிருக்கு பிள்ள. எழும்பிப் போய் தானே எடுத்துக் குடிச்சிருக்கு. நான் ஒரு விசரி, காஞ்சுபோய்க் கெடக்குதுண்டு நெனச்சு..." அவள் கிஷானிடம் திரும்பினாள். "குடிச்சிச்சுதானே தம்பி? நீங்களே சொல்லுங்க."

கிஷானுக்கு அந்தக் குழாய் எது என்று தெரியும். போத்தல் படுக்கையறையில், அவன் பக்கத்தில் இருந்தது. அன்றைக்கு இரவு அதில் தண்ணீர் அந்த வேளைக் கோட்டுக்குச் சரியாக நின்றதும் அவனுக்கு ஞாபகம் இருந்தது. புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தது ஞாபகம் இருந்தது. வெள்ளிக்கிழமைக் குழி. ஞாயிற்றுக்கிழமை மூச்சு. இல்ல டொக்டர், அளந்துதான்.

"குடிச்சாங்கம்மா" என்றான். "ஆசை தீரக் குடிச்சாங்க."

"சத்தியமா?"

"சத்தியமா."

தினுஷா ஏற்கெனவே ஒரு கேத்தல் தண்ணீரோடு நின்றாள். கத்தரீனா கிளாஸை வாங்கி ஒரே மூச்சில் குடிக்கப் போனாள். கிஷான் கையைத் தடுத்தான். "மெதுவா, கொஞ்சம் கொஞ்சமா. காஞ்ச வயிறு, குமட்டிச் சத்தி வரும்." அவள் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாள். வெடித்த உதட்டில் தண்ணீர் பட்டு எரிந்து முகத்தைச் சுளித்தாள். இரண்டாவது கிளாஸ் முடியும்வரை அவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

"ஒண்டு சொல்றேன், கோவிக்காதீங்க தம்பி" என்றாள் அவள். "பொண்டாட்டி தண்ணி கேட்டா எழும்பிப் போகணும்."

"ஓமம்மா."

டொக்டர் அளவு கொடுத்த கதையை அவன் சொல்லவில்லை. தண்ணீர் ஆளைச் சாகடிக்கும் என்று இப்போது சொன்னால் அவள் மறுபடியும் கிளாஸை வைத்துவிடுவாள்.

மாலையில் வயரைத் திரும்ப மாட்டினான். வின்சன்ட் ஐயா கணீரென்று தொடங்கினார். சனங்கள் கூடிப் பதில் சொன்னார்கள். முடிவில் அவர் சிவப்புப் பட்டனை அமத்தினார். "சரியப்பா, ஆமாம், ஆமாம்" என்று அவர் அதட்டியதும் பதிவிலேயே விழுந்தது. அந்த நொடியில் பெட்டி புதிய மாலையை எடுத்துக்கொண்டு பழையதை எறிந்தது. அதற்கு முன்பே கிஷான் ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுத்திருந்தான். எடுக்காமல் விடுவதற்கு அவன் முட்டாளல்ல. அது அலுமாரியில் அவளது ஸ்கேன் படங்களோடு கிடக்கிறது.

கத்தரீனாவின் சிறுநீர் தெளிந்துவிட்டது என்றும், மெசின் தேவையில்லை என்றும் தினுஷா பிறகு போன் எடுத்துச் சொன்னாள். மழைக்கு இப்போது வின்சன்ட் ஐயா வருகிறாராம். "அவரு யாரையோ அதட்டுறாரு, அது யாருன்னு சனம் கேக்குது" என்றாள். ப்ளகினில் கிஷான் ஒரு திருத்தம் செய்தான்: லெப்டொப்பை மூடினாலும் மாலை முடிந்ததாகவே எடுத்துக்கொள்ளும்.

ஒரு மாலையின் தண்ணீர் ஒருவரைக் கொல்லாது. வால்வு ஏற்கெனவே போயிருந்தது. அந்தக் கிழமை இல்லாவிட்டால் அடுத்த மாதம். நோயாளிகளோடு இருந்தவர்களுக்கு இது தெரியும், கிஷானுக்கும் தெரியும். ஆனால் அது அந்த ஒரு மாலை மட்டும்தானா என்பது அவனுக்குத் தெரியாது. அதற்கு முந்திய மாலைகள் எதையும் ப்ளகின் சேமிக்கவில்லை.

கண்டியில் மழை பிடித்த ஒரு மாலை, வேலையால் வந்தவன் சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குப் போனான். அவளது கிளாஸை எடுத்துச் சிங்கில் வைத்தான். குழாயைத் திறந்தான். அவள் விட்ட இடைவெளி எவ்வளவு நீளம் என்று அறிய, பென்ட்ரைவை மறுபடி திறக்காமல், அவனுக்கு வேறு வழி தெரியவில்லை. சனங்கள் சொல்லுகிற பிற்பாதியை, அவர்கள் சொல்லுகிற வேகத்திலேயே, வாய்விட்டுச் சொல்லத் தொடங்கினான். அவள் சொன்ன மாலைகள் ஒன்றிலும் அவன் அதைச் சொன்னதில்லை.

அவன் பாதி சொல்வதற்குள் கிளாஸ் நிரம்பி வழியத் தொடங்கியது. அவன் குழாயை மூடவில்லை. பதிலை முழுவதுமாகச் சொல்லி முடித்தான்.